தூங்குமூஞ்சிக்கு ஒரு டீ

எனக்கு டீ போட வராது. பாலும் தண்ணீரும் ஒருநாளும் பதமாக அமையாது. அண்ணன் மட்டும், "பாப்பா போட்டா கழனித்தண்ணிகூட ருசிதான்" என்று மிச்சம் வைக்காமல் குடிப்பான்.

எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். மருந்தாளுநர் படிப்பு. அண்ணன் பகலில் மூட்டை தூக்கி, இரவில் காவலுக்கு நின்று என்னைப் படிக்கவைத்தான். அப்போது தூங்காத தூக்கமெல்லாம் அவன் உடம்பிலேயே தங்கிவிட்டது. பட்டாளத்தில் சேர்ந்த பிறகும் நின்றபடியே தூங்குவான். தூங்குமூஞ்சி என்றே அங்கே அவனுக்குப் பெயர். மலைமேல் இருந்த அவனுடைய முகாமிலேயே மருந்தறை வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

ரோந்துக்குப் போகும் முன் எல்லாருக்கும் தூக்கம் விரட்டும் மாத்திரை உண்டு. நான்தான் கொடுப்பேன். விழுங்கிவிட்டு நாக்கை நீட்டிக் காட்ட வேண்டும். நாக்குப் பரேடு என்று சிரிப்பார்கள். முகாம் டாக்டர் மூன்று தலைமுறையாக டாக்டர் வீட்டுப் பிள்ளை. எனக்கு எல்லாவற்றையும் பாடமாகத்தான் சொல்வார்.

"இதெல்லாம் புதுசா என்ன? அந்தக் காலத்துல சாராயத்த ஊத்திச் சண்டைக்கு அனுப்பினாங்க. பயமும் போச்சு, குறியும் போச்சு. அப்புறம்தான் மாத்திரை வந்துச்சு. பசிக்காது, தூங்காது, கேள்வி கேக்காது. உனக்கு எங்க புரியப்போகுது."

புரிந்தது. அவர் ஒருநாளும் அதை வாயில் போட்டதில்லை என்பதும் புரிந்தது.

அண்ணன் மாத்திரையைக் கன்னத்துக்குள் ஒதுக்கிவிட்டு நாக்கை நீட்டுகிறான், வெளியே போய்த் துப்புகிறான் என்று ஒருநாள் கண்டுபிடித்தேன்.

"ஏண்ணா துப்புற?"

"அதப் போட்டா ஆளுங்க எல்லாம் பொம்மை மாதிரி தெரியிறாங்க பாப்பா. பொம்மையச் சுட்டா என்னன்னு தோணுது. அதுக்குத் தூக்கமே தேவல."

அந்த வாரம்தான் பக்கத்துக் காவல் மேட்டில் கண்ணயர்ந்த ஒருவனின் கழுத்தை அறுத்துவிட்டுப் போயிருந்தார்கள். அவன் உடம்பைத் துடைத்தவள் நான்.

அதனால் மாத்திரைகளைப் பொடித்து டீயில் கலந்தேன். அண்ணன் டம்ளரில் மட்டும் கலக்க வழியில்லை. எல்லாருக்கும் ஒரே அண்டா. சமையல்காரரிடம், "இனிமே காலை டீ நான் போடுறேண்ணே, நீங்க கால நீட்டுங்க" என்றேன். பொடி கசக்கும். நான் போட்ட டீ என்பதால் யாரும் சந்தேகப்படவில்லை. மற்றவர்கள் மாத்திரையையும் விழுங்கி, டீயையும் குடிப்பார்கள் என்று எனக்குத் தெரியும். அளவு மீறினால் என்ன ஆகும் என்பதுதான் நான் படித்த படிப்பே.

கொஞ்ச நாள் ஒன்றும் ஆகவில்லை. தூங்குமூஞ்சி விழிப்பாக இருந்தான்.

"உன் டீயில என்னமோ இருக்கு பாப்பா."

"பாசம்" என்றேன். சிரித்தான்.

பிறகு அந்தக் காலை. கீழே குழாயடிக்கு அடிவாரத்து ஊர்க்காரர்கள் தண்ணீர் பிடிக்க வந்தார்கள். அந்த நேரத்தில் வரலாம் என்று முகாமே சொல்லியிருந்தது. பெண்கள். சிலர் இடுப்பில் குழந்தைகள். முதலில் சுட்டது அண்ணன். பிறகு எல்லாரும். குடங்கள் உருண்ட சத்தம் மருந்தறைவரை கேட்டது.

மத்தியானம் அண்ணன் குப்புற விழுந்து அழுதான். அழுகிறவன் அசந்து தூங்கிவிடுவான். இன்னொரு டம்ளர் கொடுத்தேன்.

உங்கள் விசாரணையில் மற்றவர்கள் மாத்திரையைக் கைகாட்டித் தப்பித்தார்கள். அண்ணனுக்குப் பொய் வராது. "நான் துப்பிட்டேன், தெளிவாத்தான் இருந்தேன், ஏன் சுட்டேன்னு தெரியல" என்றான். அதனால் தூக்குக்கு நிற்பது அவன் ஒருவன்தான். அதற்காகத்தான் வந்திருக்கிறேன். அவனுக்குத் தெரியாமல் கொடுத்தது நான். எழுதிக்கொள்ளுங்கள்.

அந்தப் பெண்களுக்காக வருத்தமில்லையா என்று கேட்கிறீர்கள். இருக்கிறது. ஆனால் அவர்களில் ஒருத்தி படித்திருந்தால், தன் அண்ணனுக்கு இதைத்தான் செய்திருப்பாள்.

நேற்று அவனைப் பார்க்கவிட்டீர்கள். என் பிளாஸ்க்கை உங்கள் காவலர் திறந்து மோந்துவிட்டு, "இதப் போய் எப்படிம்மா குடிக்கிறாரு" என்று திருப்பித் தந்தார். அண்ணன் ஒரு சொட்டு விடாமல் குடித்தான். அப்போதிலிருந்து கண் மூடாமல் சுவரையே பார்த்துக்கொண்டிருக்கிறானாம். இருக்கட்டும். லாக்கப்பில் தூங்குகிறவனை என்னென்ன செய்வார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன்.

நான் இருக்கும்வரை என் அண்ணனுக்கு ஒன்றும் ஆகாது.