இரண்டாவது சாவி

மேடையில் வீற்றிருக்கும் போதகர் ஐயா அவர்களே, எங்கள் பராமரிப்பு நிறுவனத்தின் மேலாளர் அவர்களே, சங்கத் தலைவர் அவர்களே, முன் வரிசையில் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு அமர்ந்திருக்கும் என் மதிப்புக்குரிய அண்ணி அவர்களே, வேலை உடுப்போடு நேராக இங்கே வந்திருக்கும் லிஃப்ட் மெக்கானிக் தோழர்களே, ஜெபக்கூடத்துச் சகோதர சகோதரிகளே! கடைசி வரிசையில், கதவை ஒட்டி, யார் முகத்தையும் பார்க்காமல் உட்கார்ந்திருக்கும் கட்டட மேற்பார்வையாளர் அவர்களே! உங்களையும் விட்டுவிடாமல் வணங்குகிறேன். அப்படி வணங்க எனக்கு எவ்வளவு கசக்கிறது என்பதை நான் மறைக்கப் போவதில்லை.

இந்த நினைவுக் கூட்டத்தில் எனக்கு ஐந்து நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். கூடவே, பேச வேண்டியதை எழுதி ஒரு தாளும் கொடுத்திருக்கிறார்கள். "ஆறுதலா ரெண்டு வார்த்தை பேசிட்டு உக்காருங்க ஃபோர்மன், சூடாகிடாதீங்க" என்று மேலாளர் காதோடு சொன்னார். ஐயா, இருபத்திரண்டு வருடமாக என்னைப் பார்க்கிறீர்கள். எப்போது நான் சூடாகாமல் பேசியிருக்கிறேன்? இன்றைக்கா ஆரம்பிப்பேன்?

அண்ணி எனக்கு வேறொரு வேலை கொடுத்திருக்கிறார். முந்தாநாள் கூப்பிட்டுச் சொன்னார்: "தம்பி, அந்த மேற்பார்வையாளரை நாங்க மன்னிச்சிட்டோம்னு மேடையில சொல்லுங்க. நான் சொல்ல வந்தா அழுகைதான் வரும். நீங்க சொன்னாத்தான் நம்ம ஆளுங்க அவரை விடுவாங்க." சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். இரண்டு நாளாகத் தூக்கமில்லை. அந்த வார்த்தை என் வாயில் வருமா வராதா என்று இந்த ஒலிபெருக்கி முன்னால் நிற்கும்போதும் எனக்குத் தெரியவில்லை.

முதலில் என் அண்ணனைப் பற்றிப் பேசிவிடுகிறேன்.

மூத்த மெக்கானிக், ஜெபக்குழுத் தலைவர், நாம் எல்லோரும் பூட்டண்ணன் என்று கூப்பிட்ட அந்த மனிதர்! ஏன் பூட்டண்ணன்? லிஃப்ட் வேலை தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். லிஃப்ட் ஓடும் தடத்தின் அடியில் ஒரு குழி உண்டு. அதில் இறங்கி வேலை செய்பவன், இறங்குவதற்கு முன்னால் மெயின் சுவிட்சை அணைத்து, அதில் தன் சொந்தப் பூட்டைப் போட்டு, சாவியைத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு பூட்டு, ஒரு சாவி, ஒரு ஆள். பூட்டியவன்தான் திறக்க வேண்டும். இந்த விதியை நம்மில் பாதிப் பேர் அதிகாரி வரும் நாளில் மட்டும் பின்பற்றுவோம். அவர் ஐந்து நிமிட வேலைக்கும் பூட்டுவார். சாப்பாட்டுப் பையின் ஜிப்பில்கூட ஒரு குட்டிப் பூட்டு! "என்னண்ணே, உள்ள தங்கமா இருக்கு?" என்று கேட்டேன். "இல்லடா, வெளிய நீ இருக்க" என்றார்.

ஒருமுறை கட்டடத்தின் உரிமையாளரே ஏழாவது மாடிக்குப் போக வந்து நின்றார். லிஃப்ட் பூட்டில் இருக்கிறது. "நான் யார் தெரியுமா?" என்று குதிக்கிறார். குழிக்குள்ளிருந்து குரல் வருகிறது: "தெரியும் சார். ஆனா கீழ இருக்கறது நான். ஏறி வந்ததும் தொறக்கறேன்." நாற்பது நிமிடம் நின்றார் உரிமையாளர்! நாங்கள் படிக்கட்டில் ஒளிந்துகொண்டு சிரித்தோம்.

இன்னொரு முறை ஒரு வழக்கறிஞர் இரண்டு மாடிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டார். மூடிய இடம் என்றாலே அவருக்கு மூச்சு முட்டுமாம். நாங்கள் மேலே மோட்டாரோடு மல்லுக்கட்ட, அண்ணன் கதவு இடுக்கில் வாயை வைத்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் அவரோடு பேசிக்கொண்டே இருந்தார். வெளியே வந்த மனிதர் மறுநாள் என்ன செய்தார் தெரியுமா? மெக்கானிக் மரியாதையில்லாமல் பேசினான் என்று புகார் எழுதினார்! எனக்கு ரத்தம் கொதித்தது. அண்ணனோ சிரிக்கிறார். "பயந்தவன்டா அவன். பயந்தவன் யாரையாவது திட்டித்தான் ஆவான். விடு." இதுதான் அவர். எதையும் நெஞ்சில் வைத்துக்கொள்ளத் தெரியாத மனிதர். எனக்கு அது வராது. ஜெபக்கூடத்தில் மன்னிப்பைப் பற்றிப் பேச்சு வந்தாலே நான் செருப்பைத் தேட ஆரம்பித்துவிடுவேன்.

இன்னும் ஒரு பழக்கம் அவருக்கு. வேலை முடிந்ததும் கருவிகளைப் பையில் அடுக்கிவிட்டு, அந்தக் குழியிலேயே, கிரீஸ் கறையிலேயே முழங்காலிட்டு ஒரு நிமிடம் ஜெபிப்பார். அந்த ஒரு நிமிடம் யார் கூப்பிட்டாலும் பதில் வராது. "மேல வந்து பண்ணக் கூடாதாண்ணே?" என்றால், "இறங்கின எடத்துலயே நன்றி சொல்லிடணும்டா. மேல ஏறினா மறந்துடும்" என்பார்.

தோழர்களே, அந்த வியாழக்கிழமை காலை என்ன நடந்தது? எல்லா மாடி ஆட்களும் லிஃப்ட் எங்கே என்று கத்துகிறார்கள். மேற்பார்வையாளர் குழியின் மேல் நின்று, "அண்ணே, முடிஞ்சுதா?" என்று கேட்டிருக்கிறார். பதில் இல்லை. இன்னொரு முறை கேட்டிருக்கிறார். பதில் இல்லை. குனிந்து பார்த்தாரா? பார்க்கவில்லை! ஆள் சாப்பிடப் போய்விட்டார் என்று தானே முடிவு செய்துகொண்டு, எங்கள் அறைக்குப் போய் ஒரு சாவியை எடுத்து, பூட்டைத் திறந்து, சுவிட்சைப் போட்டார். மேலே நின்ற லிஃப்ட் கீழே வந்தது. நாங்கள் ஓடிப் போனபோது கருவிப் பை ஒழுங்காக மூடியிருந்தது. அண்ணன் முழங்காலிட்டபடியே இருந்தார்.

பதில் சொல்லாத அந்த நேரத்தில் அவர் யாரோடு பேசிக்கொண்டிருந்தார்? ஆண்டவரே, உம்மோடு! உமக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தவனை உம்மால் ஒரு நிமிடம் காப்பாற்ற முடியவில்லையா? போதகர் ஐயா, முகம் சுளிக்காதீர்கள். "ஆண்டவருடைய சித்தம்" என்று அடக்கத்தின்போது சொன்னீர்கள். என் காதில் அது நாராசமாக விழுந்தது. மேலாளர் அவர்களே, நீங்கள் "விதி" என்றீர்கள். குழிக்குள் அவசரத்துக்கு அழுத்தி லிஃப்டை நிறுத்த ஒரு சுவிட்ச் இருக்க வேண்டும். அது கெட்டு ஏழு மாதம் ஆகிறது. மூன்று கடிதம் கொடுத்தோம். அந்தக் கடிதங்கள் உங்கள் மேசை இழுப்பறைக்குள் கிடப்பதற்குப் பெயர் விதியா?

பத்தொன்பது நாள் இந்தக் கோபத்தைத்தான் நான் மூன்று வேளையும் சாப்பிட்டேன். மேற்பார்வையாளரின் வாசலில் நம் ஆட்கள் போய்க் கூச்சல் போட்டார்கள். அவர் மனைவி கடைக்குப் போகும்போது வழிமறித்து ஏசினார்கள். யார் தூண்டிவிட்டது? நான்தான். பதினோராம் நாள் அதுவும் போதவில்லை. லிஃப்ட் கதவை நெம்பும் இரும்புக் கம்பியை எடுத்துக்கொண்டு, பட்டப்பகலில், நானே அவர் வீட்டுக்குப் போனேன். எதற்குப் போனேன் என்று விளக்க வேண்டுமா?

அவரே கதவைத் திறந்தார். கம்பியைப் பார்த்தார். ஓடவில்லை. "உள்ள வாங்க சார்" என்றார். "கொஞ்சம் இருங்க, என் பொண்டாட்டிய மாடிக்கு அனுப்பிடறேன்" என்றார். அனுப்பிவிட்டு வந்து என் முன்னால் நின்றார். நான் கம்பியை ஓங்கினேன். அப்போது அவர் மெதுவாகச் சொன்னார்: "சாவி இருக்கற எடத்தை நீங்கதான் காட்டிக் குடுத்தீங்கன்னு விசாரணையில நான் சொல்லல சார். நானா தேடி எடுத்தேன்னு சொல்லிட்டேன்."

சபையோரே, நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். யாரும் எழுந்து போகாதீர்கள்.

ஒரு பூட்டு, ஒரு சாவி என்றேன். புதுப் பூட்டு வாங்கினால் இரண்டு சாவி வரும். இரண்டாவதை அறுத்துப் போடுவது ஃபோர்மனின் வேலை, அதாவது என் வேலை. இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு மெக்கானிக் சாவியோடு வீட்டுக்குப் போய்விட்டான். லிஃப்ட் ஒரு நாள் முழுக்க நின்றது. மேலாளரிடம் நான் வாங்கிக் கட்டிக்கொண்டேன். அதிலிருந்து இரண்டாவது சாவிகளை நான் அறுக்கவில்லை. எங்கள் அறையில், கதவுக்குப் பின்னால், ஒரு ஆணியில் மாட்டி வைத்தேன். மேற்பார்வையாளரை அழைத்துப் போய்க் காட்டியவனும் நான்தான். "நான் இல்லாத நேரம் அவசரம்னா எடுத்துக்கோங்க" என்று சொன்னவனும் நான்தான். அண்ணன் கேட்டார். புதுப் பூட்டு கொடுக்கும் ஒவ்வொரு முறையும் கேட்பார்: "இன்னொண்ண அறுத்துட்டியா?" "அறுத்தாச்சுண்ணே" என்பேன். அவர் முகத்துக்கு நேராகச் சொன்னேன். அவர் நம்பினார். உலகத்தில் இருக்கிற ஒரே சாவி தன் சட்டைப் பையில் இருக்கிறது என்று நம்பித்தான் அந்த வியாழக்கிழமை கண்ணை மூடினார்.

"ஏன்யா என்னைக் காப்பாத்தின?" என்று மேற்பார்வையாளரிடம் கத்தினேன். "உங்களுக்கு அவரு அண்ணன் சார். இதையும் சேத்து உங்களால தாங்க முடியாதுன்னு நெனச்சேன்" என்றார். எனக்கு நன்றி வந்ததா? இல்லை. கோபம்தான் வந்தது! நான் அடிக்கப் போன ஆள் எனக்கு இரக்கம் காட்டுவதா? கம்பியைத் தெருவில் இழுத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். வந்து, அதற்குப் பிறகும் எட்டு நாள் வாயைத் திறக்கவில்லை. அவருடைய வேலை போனது. பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன். அண்ணி என்னை வீட்டுக்குக் கூப்பிட்டுச் சாப்பாடு போட்டார். சாப்பிட்டேன்! இதைவிடக் கேவலம் ஏதாவது உண்டா?

ஆகவே அண்ணி கொடுத்த வேலையை முடிக்கிறேன். பூட்டண்ணனின் குடும்பம் மேற்பார்வையாளரை மன்னித்துவிட்டது. இனி ஒருவன் அவர் வாசலில் போய் நின்றால், அவன் முதலில் என் வாசலுக்கு வரட்டும். மேற்பார்வையாளர் ஐயா, என் கோபம் முழுக்கத் தீர்ந்துவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். குனிந்து பார்த்திருக்கலாமே என்று இன்னும் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. ஆனாலும் உங்கள் தலையில் நான் வைத்த பாரத்தில் பாதிக்கு மேல் என்னுடையது. அதை இந்தச் சபையின் முன்னால் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். என்னை மன்னியுங்கள்.

நாளைக் காலை பத்து மணிக்கு விசாரணை அலுவலகத்தில் இதே வார்த்தைகளை எழுதிக் கையெழுத்திடப் போகிறேன். வேலை போகுமா? போகட்டும். வழக்கு வருமா? வரட்டும். அண்ணனின் பணியைத் தொடர்வோம் என்று மாலை போட்டுப் பேசுவது சுலபம், தோழர்களே. இங்கே மற்ற பணிமனைகளின் ஃபோர்மன்கள் நாலைந்து பேர் இருக்கிறீர்கள். நான் பேசப் பேச உங்களில் சிலர் தரையைப் பார்ப்பதைக் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறேன். உங்கள் ஆணியிலும் சாவி தொங்குகிறது. இன்றைக்கே அறுங்கள். உங்கள் ஆட்களைக் கூப்பிட்டு, அவர்கள் கண்ணெதிரே அறுங்கள். குழிக்குள் சுவிட்ச் வேலை செய்யாத எந்தக் கட்டடத்திலும் நம்மில் ஒருவன்கூட இறங்கக் கூடாது. சங்கத் தலைவர் அவர்களே, இதைத் தீர்மானமாக எழுதுங்கள். மேலாளர் அவர்களே, நீங்கள் அதன் கீழே கையெழுத்திடுங்கள்.

ஒன்றே ஒன்று பாக்கி. அண்ணி கொடுத்த மன்னிப்பில் எனக்குப் பங்கில்லை. விஷயம் தெரியாமல் கொடுத்தது அது. இப்போது அவருக்குத் தெரியும். "இவனையும் மன்னிச்சிடும்மா" என்று யாரும் அவரிடம் போய் நிற்காதீர்கள். போதகர் ஐயா, தயவுசெய்து நீங்களும் வேண்டாம். அவர் கோபப்படட்டும். இத்தனை நாள் எங்கள் எல்லோருக்காகவும் அதை அடக்கி வைத்திருந்தார். இன்னும் எத்தனை வருடம் வேண்டுமானாலும் கோபப்படட்டும்.

மேற்பார்வையாளர் அவர்களே, இந்த மேடையில் என் நாற்காலி காலியாக இருக்கிறது. எழுந்து வந்து உட்காருங்கள். நான் கீழே இறங்குகிறேன். அண்ணி, உங்கள் எதிரே வந்து நிற்கப் போகிறேன். திட்டினால் கேட்டுக்கொள்கிறேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாலும் நிற்கிறேன். நீங்கள் இத்தனை வருடமாகத் தம்பி என்று கூப்பிட்டீர்களே, அவன்தான் வருகிறான்.