ஏல நாளில் விழுந்த பாக்கெட்டுகள்

இந்த மின்விசிறி கிறீச்சிடுவதற்குக் காரணம் பேரிங். இறக்கை கோணலாகிவிட்டது என்று உங்கள் ஏட்டு சொல்கிறார், அது சரியில்லை சார். இறக்கைகளைக் கழற்றி வைத்துவிட்டு வெறும் மோட்டாரைச் சுற்றவிட்டுப் பாருங்கள், அப்போதும் சத்தம் வரும். சந்தேகப்படுகிற பொருளை எடுத்துவிட்டுப் பார்ப்பது என் தொழில் பழக்கம். நான் செய்தது எல்லாமே அந்தப் பழக்கத்தில் செய்ததுதான்.

என் பெயர் ஞானசிகாமணி. மீரான் மைதீன் முதலாளியின் ஏலக்காய்க் கம்பெனியில் நெட்வொர்க் வேலை முழுவதும் என் பொறுப்பில் இருந்தது. சரக்கு கம்பத்துக் குடோனில் இருக்கும். வியாபாரிகள் தேனி ஆபீசில் கணினி முன்னால் உட்கார்ந்து விலை கேட்பார்கள். நடுவே, மாத வாடகைக்கு எடுத்த ஒரு லீஸ்டு லைன் ஓடியது. 2008இல் ஏலம் சூடுபிடித்தபோது அந்த ஒன்று போதவில்லை. இன்னொன்று வாங்கி இரண்டையும் ஒன்றாகக் கட்டிவிடலாம் என்று முதலாளியிடம் சொன்னவன் நான். கட்டியவனும் நான்தான். இப்படிக் கட்டினால் ரவுட்டர் ஒவ்வொரு செய்தியையும் பாக்கெட் என்கிற துண்டுகளாக்கி இரண்டு லைனிலும் பிரித்து அனுப்பும். மறுமுனையில் இருக்கும் ரவுட்டர் அவற்றை வரிசைப்படுத்திச் சேர்க்கும். இந்தப் பள்ளத்தாக்கில் வேறு எவனும் அதைச் செய்திருக்கவில்லை. எனக்கு அதில் பெருமை உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை.

தேனி முனையில் நான் இருந்தேன். கம்பம் முனையில் வினோத்ராஜ் இருந்தான். என் மனைவி ஜெபஷீலாவின் தம்பி. என்னைப் போலவே டிப்ளமோ படித்தவன். வேலைக்குச் சேர்த்துவிட்டது நான். நன்றாகச் சிரிப்பான், எல்லோருக்கும் அவனைப் பிடிக்கும்.

லைன்களைக் கட்டிய பிறகு பாக்கெட் விழ ஆரம்பித்தது. அனுப்பியதில் கொஞ்சம் போய்ச் சேராமல் தொலைந்துவிடும். தேனியில் ஒருவர் கேட்ட விலை கம்பத்துக்குப் போகாது, சரக்கு வேறொருவருக்குப் போய்விடும். ஏல நாளில் மட்டும்தான் இப்படி நடந்தது. ஒருநாள் சபை நடுவே ஒரு வியாபாரி, "இந்த லைனுக்கு ஒரு ஆள கம்பம் பஸ்ஸுல ஏத்திவிட்டா வெரசா போயிருவான்ல" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். முதலாளியும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது.

முதலில் ஒரு லைனைப் பிரித்து வைத்துவிட்டு மற்றதை மட்டும் ஓட்டினேன். ஒன்றும் விழவில்லை. பிறகு அதை எடுத்துவிட்டு இதை ஓட்டினேன். அதிலும் விழவில்லை. சேர்த்துக் கட்டினால், ஏல நாளில் விழுந்தது. லைனில் குறையில்லை. கட்டியது நான், அதனால் கட்டியதிலும் குறையிருக்க முடியாது. மிச்சம் இருந்தது கம்பத்துக் குடோனில் ரவுட்டர் இருக்கும் அறைக்குள் போய்வரும் ஆட்கள்.

காவலாளி ராக்கையாவில் ஆரம்பித்தேன். ஏல நாளில் ஆட்கள் வந்துபோவதால் அந்த அறையை அவர் இரண்டு தடவை பெருக்குவார். துடைப்பம் வயரில் படும். நான் கம்பம் போயிருந்த ஒருநாள், அவர் ரவுட்டர் அலமாரிக்குள் கையை விட்டுத் தூசி தட்டிக்கொண்டிருந்தபோது இரும்புக் கதவை அறைந்து சாத்தினேன். சாத்தியபடி சிறிது நேரம் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். எலும்பு நொறுங்குவது கதவில் தெரிந்தது. பிறகு நானே ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன், காற்றில் கதவு அடித்துக்கொண்டது என்று சொன்னேன், ஆரஞ்சுப்பழம் வாங்கிக் கொடுத்தேன். இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. அவர் வராத அடுத்த ஏலத்திலும் பாக்கெட் விழுந்தது. ஆக, ராக்கையா இல்லை. ஒரு சந்தேகம் தீர்ந்ததில் எனக்குத் திருப்திதான்.

அந்த வாரம் முதலாளி எங்கள் இருவரையும் கூப்பிட்டுப் பேசினார். வினோத்ராஜ் அவர் முன்னாலேயே சொன்னான்.

"மச்சான், ரெண்டு லைனும் நல்லாத்தான் இருக்கு. ஒண்ணு சின்னமனூரு வழியா நேரா வருது. இன்னொண்ணு மதுரையச் சுத்தி வருது. சுத்தி வர்ற துண்டுக்காக நேரா வந்தது காத்துக் கெடக்கு. ஏல நாளைக்குக் கூட்டம் சாஸ்தியா, காத்துக் காத்துப் பாத்துட்டு ரவுட்டரே தூக்கிப் போட்டுருது. கட்டப் பிரிச்சுவிட்டு, ஏலத்த ஒண்ணுலயும் மத்த வேலைய ஒண்ணுலயும் ஓட்டுவோம்."

"அப்ப நான் கட்டுனது தப்புங்கிறயா மாப்ள?" என்றேன்.

"தப்புன்னு இல்ல மச்சான். இந்த ரெண்டுக்கும் ஒத்து வரல, அம்புட்டுத்தான்."

முதலாளி தாடியைத் தடவினார். "சிகாமணி, அடுத்த ஏலம் வரைக்கும் பாரு. அதுக்கும் மேல விழுந்துச்சுன்னா ரெண்டு முனையையும் வினோத்தே பாத்துக்கட்டும். நீ குடோன் கணக்கப் பாரு."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் நெஞ்சில் மிதித்ததுபோல் இருந்தது. நான் கொண்டுவந்து விட்டவனிடமே என் வேலை போகப்போகிறது. அவன்மேல் எனக்குப் பொறாமை என்று ஜெபஷீலா உங்களிடம் சொல்லியிருப்பாள். பொறாமை இருந்தது. ஆனால் அதற்காகச் செய்யவில்லை. ஏல நாளில் அந்த அறையை விட்டு அசையாமல் உட்கார்ந்திருப்பவன் அவன் ஒருவன், பாக்கெட் விழுவதும் அன்றைக்குத்தான். நீங்களாக இருந்தாலும் அடுத்து அவனைத்தான் பார்த்திருப்பீர்கள்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை நேரத்தில் குடோனில் ஆள் இருக்காது. அந்த நேரம் பார்த்துக் கம்பம் போனேன். பின்பக்கம் எர்த் குழி இருக்கிறது, மின்சாரம் தரையிறங்குவதற்கு உப்பும் கரியும் போட்டு மூடிய குழி. "ஈரம் காஞ்சிருச்சான்னு பாரு மாப்ள" என்றேன். மறுக்காமல் வந்து, முட்டி போட்டு மூடியைத் தூக்கினான். குழி தோண்டிய கடப்பாரை சுவரில் சாய்ந்திருந்தது. பிடரியில் ஓங்கி அடித்தேன். முகம் குப்புற விழுந்தவன் "மச்சான்" என்று கையை ஊன்றி எழப் பார்த்தான். இரண்டாவது அடியில் மண்டை திறந்துகொண்டது. காலை உதைத்துக்கொண்டிருந்தான். அதனால் மறுபடியும் அடித்தேன், அது அடங்கும்வரை. உப்பெல்லாம் சிவப்பாகிவிட்டது. அவன் சட்டை எங்கள் கல்யாண நாளுக்கு நான் எடுத்துக் கொடுத்தது.

கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போய்த் தேனிக்கு ஆயிரம் பாக்கெட் அனுப்பிப் பார்த்தேன். ஒன்றும் தொலையாமல் ஆயிரமும் போய்த் திரும்பி வந்தன. துக்கத்துக்காக ஏலத்தைத் தள்ளி வைத்திருந்த நாட்களிலும் தேனியிலிருந்து அனுப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒன்றுகூட விழவில்லை. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு நிம்மதியாகத் தூங்கினேன். நீங்கள் வந்து கேட்டபோது நான் மறைக்காததற்கும் அதுதான் காரணம். சரியாகச் செய்த வேலையை எதற்கு மறைக்க வேண்டும்?

ஆனால் நேற்று நீங்கள் ஒரு விஷயம் சொன்னீர்கள். ஏலம் மறுபடி தொடங்கிய அன்று பாக்கெட் பழையபடி விழுந்ததாம். மதுரையிலிருந்து ஒருவர் வந்து கட்டைப் பிரித்துவிட்ட பிறகுதான் நின்றதாம். பிரித்ததை விடுங்கள், அது பயந்தவன் செய்கிற வேலை. வினோத்ராஜ் இல்லாதபோதும் விழுந்திருக்கிறது என்பதுதான் முக்கியம். ராத்திரி முழுக்க அதையே யோசித்தேன். ஆக, வினோத்ராஜ் இல்லை. பாவம், நல்ல பையன். அந்த அளவில் என் தவறை ஒப்புக்கொள்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

ஏல நாளில் அவனால் சீட்டை விட்டு எழ முடியாது என்று ஜெபஷீலாதான் தூக்குவாளியில் சோறு கொண்டுபோவாள். அவன் போன பிறகு நடந்த அந்த ஏலத்திலும், அவனுக்குப் பதிலாக வந்த ஆளுக்கு அவளே சோறு கொடுத்துவிட்டு வந்தாள் என்கிறீர்கள். அந்த அறையில் உட்கார்ந்து பேசிவிட்டுத்தான் வருவாள். இத்தனை நாள் எனக்கு அது தோன்றவே இல்லை.

ஏன் செய்தாய் என்று என்னிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டுமாம், நாளைக்கு வருகிறாள் என்றீர்கள். வரட்டும். காவலுக்கு நிற்பவரை மட்டும் கொஞ்சம் வெளியே நிற்கச் சொல்லுங்கள் சார், ரொம்ப நேரம் ஆகாது.