பொத்தானை அழுத்தியவள்

உட்கார்ந்தே சொல்கிறேன், இன்ஸ்பெக்டர். பதினோரு வருடம் பள்ளிப் பட்டறையில் நின்று நின்று முழங்கால் தேய்ந்துவிட்டது.

மாணவர்களுக்கான ரோபோ போட்டிக்கு வருடாவருடம் ஓர் அணியைத் தயார்செய்வது என் பொறுப்பு. ஒயரின் தோலை உரிப்பதிலிருந்து சொல்லிக்கொடுக்க வேண்டும். பிள்ளைகள் தேறி வரும்போது படிப்பு முடிந்து போய்விடுவார்கள். மறுபடி புதுப் பிள்ளைகள், மறுபடி ஒயர்.

இந்த வருடம் சுண்டெலி இருந்தாள். அவள் சின்னக் கை எந்த இடுக்கிலும் நுழையும் என்பதால் கூட்டாளிகள் வைத்த பெயர். எனக்கு வாய்த்தவர்களிலேயே கெட்டிக்காரி. ரோபோவில் கை வைக்குமுன் சிவப்புப் பொத்தானை அழுத்து, எல்லாம் நின்றுவிடும் என்பதுதான் அவளுக்கு என் முதல் பாடம்.

போன வருடம் எங்களைக் கவிழ்த்ததும் அந்தப் பொத்தான்தான். அரையிறுதியில் ரோபோ எதன்மீதோ இடித்ததில் அது தானாக அழுந்தி, நடுக்களத்தில் எல்லாம் மரம்போல நின்றுவிட்டது. அதனால் இந்த முறை பரிசோதகர்கள் பார்த்துவிட்டுப் போன பிறகு, விரல் நீள ஒயர் ஒன்றால் பொத்தானின் இரு முனைகளையும் இணைத்துவிட்டேன். இனி அழுத்தினாலும் எதுவும் நிற்காது. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் சுண்டெலி ஒத்துக்கொள்ள மாட்டாள். அவளோடு மல்லுக்கட்ட எனக்குத் தெம்பில்லை.

மூன்றாம் சுற்றுக்கு முன், சாமான் தூக்கும் இரும்புக் கைக்கு அடியில் போட்டி வளையம் ஒன்று சிக்கிக்கொண்டது. அவள் பொத்தானை அழுத்தினாள். பக்கத்தில் நின்று பார்த்தேன். பிறகு கையை உள்ளே விட்டாள். வேண்டாம் என்று சொல்ல நேரம் இருந்தது. சொன்னால், ஏன் சார் என்று எல்லார் முன்னாலும் கேட்பாள். அதற்குள் எடுத்துவிடுவாள் என்று நினைத்தேன். வளையம் விடுபட்டது, இரும்பு இறங்கியது. வலது கையில் மூன்று விரல்கள் போய்விட்டன.

எல்லாரும் அவளோடு ஆம்புலன்ஸுக்கு ஓடினார்கள். நான் பின்தங்கி அந்த ஒயரைக் கழற்றிக்கொண்டேன். என் மேசை இழுப்பறையில்தான் இருக்கிறது, ஆளனுப்பி எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளியில் விசாரித்தவர்கள் பொத்தானை அழுத்திப் பார்த்தபோது ஒழுங்காக வேலை செய்தது.

"அழுத்தினேன் சார், நிஜமா அழுத்தினேன்" என்று மருத்துவமனையில் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

"பொய் சொல்ற புள்ள இல்ல சார் அவ" என்றார் அவள் அம்மா.

தினமும் போய்ப் பார்த்தேன். ஒரு வாரம் கழித்து அவளே கேட்டாள். "ஒருவேளை நான் அழுத்தலையோ சார்?"

"அவசரத்துல நீ மறந்திருப்பேம்மா. யாருக்கும் வர்றதுதான், விடு."

தலையை ஆட்டினாள். அன்றைக்குத்தான் எனக்கு நல்ல தூக்கம் வந்தது.

போன வாரம் பட்டறைக்கு வந்து, அணிக்கு ஒரு கடிதம் கொடுத்தாள். தன் கவனக்குறைவால் எல்லாருடைய உழைப்பும் வீணாய்ப் போயிற்றாம். இடது கையால் எழுதியதில் எழுத்தெல்லாம் கோணல்மாணல். மற்றவர்கள் போனதும், "என்மேல கோபமா சார்?" என்றாள்.

கோபமெல்லாம் எதற்கு. அவளை நான் எப்போதோ மன்னித்துவிட்டேன்.