பிடி நிக்காத ஸ்டீயரிங்

– அதான் சொல்றேன் காளி, நீ கழட்டி மாட்டினதெல்லாம் வீணாப் போச்சு. ஸ்டீயரிங் இன்னும் லூசாத்தான் இருக்குங்கான் எம்மவன்.

– இருக்காது அண்ணாச்சி. சக்கரத்தத் திருப்புற ரேக்கைப் பிடிச்சு நிக்கிற ரப்பர் புஷ்ஷு மக்கிப் போயிருந்துச்சு. எம்பத்தி மூணாம் வருசத்து மாடல், பன்னெண்டு வருசம் ஓடியாச்சு. இந்த ஜப்பான் வண்டிக்கு ராஜபாளையத்துல எவன்கிட்ட சாமான் இருக்கு? மதுரைக்குப் போயி, லேத்துல நைலான்ல கடைஞ்சு வாங்கியாந்து போட்டிருக்கேன்.

– ஸ்டீயரிங்குக்குப் போற ஆயிலு ஒழுகுச்சே, காளிராஜு. அதுனால இருக்குமோ?

– அந்தக் குழாயையும் மாத்தியாச்சுக்கா. புது ஆயில் ஊத்தி, ஸ்டீயரிங்க இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒடிச்சு ஒடிச்சு, உள்ள இருந்த காத்தையெல்லாம் வெளிய எடுத்தாச்சு. பம்புல ஒரு முனகல்கூடக் கிடையாது. இந்தா, எஞ்சின் ஓடுது. அண்ணாச்சி, நீங்களே ஆட்டுங்க. நான் கீழ படுத்துச் சக்கரத்தப் பாக்கேன்.

– ஆட்டுறேன், பாரு.

– ஒரு நூல்கூட ப்ளே இல்ல. முன்னால உள்ளங்கை அகலத்துக்கு ஸ்டீயரிங் சும்மா சுத்தும், சக்கரம் அசையாது. இப்போ அங்க அசைஞ்சா இங்க அசையுது.

– நிக்கிற வண்டியில என்ன தெரியும்? ரோட்டுல விட்டுப் பாப்போம். ஏட்டி கிருபா, நீ எங்க ஏறுத? இருக்கதே ரெண்டு கதவு. பின்னால ஒரு ஆடுகூட ஒக்கார முடியாது.

– நான் ஒக்காருவேன். எனக்கும் பாக்கணும்.

– பாத்துக்கா, தலையக் குனிஞ்சுக்கோங்க. நானே ஓட்டுறேன். ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கமாப் போவோம்... இந்தா, எம்பதுல போகுது. ரெண்டு விரல்லதான் பிடிச்சிருக்கேன். எங்கயாச்சும் இழுக்குதா அண்ணாச்சி?

– இழுக்கல.

– வளைவுல பாரு, காளிராஜு. வளைவுலதான் வழுக்குதுன்னான்.

– வன்னியம்பட்டி வளைவு வந்துருச்சுக்கா. இதுக்கு மேல ஒரு வளைவு வேணுமா? இந்தா, திரும்புச்சு. இந்தா, நேராகுது. செத்த நேரம் நிறுத்துறேன், அண்ணாச்சி இந்தப் பக்கம் வந்து ஓட்டட்டும்.

– ம்... ம். ஏ காளி, நல்லாத்தானப்பா இருக்கு! சொன்ன பேச்சு கேக்குது.

– பொறவு யாருக்குத்தான் லூசா இருக்கு?

– எம்மவன் துரைக்குத்தான். நேத்து ஓட்டிட்டு வந்து சாவியத் தூக்கி எறிஞ்சான். ‘காளி அண்ணன் ஒண்ணும் சரி பண்ணல, பழைய மாதிரியேதான் இருக்கு’ன்னு.

– இன்னொருக்க கழட்டிப் பாத்துரு, காளிராஜு. உள்ள எங்கயாச்சும் தேஞ்சிருக்கும்.

– கழட்ட ஒண்ணுமில்லக்கா.

– இருக்கும்பா. மனுசன் செஞ்ச சாமான்தான. எங்கயாவது ஒரு குறை இல்லாமப் போகுமா?

– கிருபா, எதுக்கு இப்போ அழுத? ஒரு வண்டிக்கா அழுவாக?

– அண்ணாச்சி, அந்த வேப்பமரத்துக்கிட்ட ஓரங்கட்டுங்க. ஒரு விசயம் சொல்லணும். கோவப்படக் கூடாது.

– சொல்லு.

– முந்தாநாளு வண்டியக் குடுக்கும்போது துரையோட நானும் இந்த ரோட்டுல வந்தேன். ஸ்டீயரிங் லூசுன்னா, கை திருப்பும், சக்கரம் கேக்காது. துரைக்கு அப்படி இல்ல. இதே வளைவுல திருப்புனான். பாதியில ஸ்டீயரிங் அவன் வலது கையில இருந்து நழுவித் தானா நேராயிருச்சு. இடது கையால எட்டிப் பிடிச்சான். ‘பாத்தீங்களாண்ணே, லூசு’ன்னான்.

– அசட்டையாப் பிடிச்சிருப்பான். வயசுப் பய.

– பொறவு டீ குடிச்சோம். கிளாஸ ரெண்டு கையாலயும் பிடிச்சான். வலது கையில பெருவிரலுக்குக் கீழ சதையே இல்ல அண்ணாச்சி. குழிஞ்சு கெடக்கு. மதுரையில ஒரு நரம்பு டாக்டர்கிட்ட காட்டுங்க.

– ஏலே! வண்டியப் பாருன்னா எம்மவனையா பாக்குத? வர்ற ஞாயித்துக்கிழமை கோயில்ல பாதிரியார் சபைக்கு முன்னால அவனுக்குக் கல்யாண ஓலை வாசிக்கப் போறாக. இந்த நேரத்துல மாப்பிள்ளைக்குக் கை சூம்புதுன்னு ஒரு பேச்சு கெளம்புனா என்னத்துக்கு ஆகும்?

– அதுனாலதான் கடையில வச்சுச் சொல்லல. ஆளில்லாத இடமாப் பாத்துச் சொல்றேன்.

– அவனுக்கு ஒண்ணுமில்ல. காலேஜுல பந்து விளையாடிக் கப்பு வாங்குனவன். கிருபா, நீயாச்சும் சொல்லேன்.

– நான் என்னத்தச் சொல்ல?

– இவ இப்படித்தான் காளி. நீ இங்க கடை போடுறதுக்கு முன்னாலயே, இவ தம்பிதான் இந்த வண்டியச் சிங்கப்பூர்ல இருந்து கப்பல்ல கொண்டாந்தான். வந்த ரெண்டாம் வருசமே கையும் காலும் சூம்பிப் படுக்கையில விழுந்துட்டான். இவதான் சோறு ஊட்டுனா, புரட்டிப் போட்டா, கடைசியில கண்ணையும் மூடிவிட்டா. அதுல இருந்து வீட்டுல ஒரு டம்ளர் கீழ விழுந்தாலும் இவளுக்கு உசிரு போகும். மாமனுக்கு வந்த சீக்கு மருமவனுக்கும் வரணும்னு எழுதியா வச்சிருக்கு?

– ஒண்ணும் இல்லாமயும் இருக்கலாம்க்கா. காட்டிட்டா மனசு நிம்மதி.

– காளிராஜு, ஒண்ணு கேக்கேன். அந்தப் புஷ்ஷு நெசமாவே மக்கிப் போயித்தான் இருந்துச்சா?

– சத்தியமாக்கா. கையில எடுத்ததும் மாவா உதிர்ந்துருச்சு.

– நீ அதச் சொன்ன அன்னைக்கு முழங்கால் போட்டு ஸ்தோத்திரம் சொன்னேன். வண்டியிலதான் குறை, ஏசப்பா, வண்டியிலதான் குறைன்னு. அன்னைக்குத்தான் ஒழுங்காச் சோறு இறங்குச்சு.

– என்னட்டி சொல்லுத? அப்போ முன்னாலயே பயந்துக்கிட்டு இருந்தியா? அவன் கையப் பாத்தியா?

– கையப் பாக்கல. ‘அம்மா, ஸ்டீயரிங் லூசா இருக்கு’ன்னு வாசல்ல நின்னு சொன்னான் பாருங்க, அப்பவே எனக்குப் பயம் வந்துருச்சு. எந்தம்பியும் மொதல்ல வண்டியத்தான் குறை சொன்னான்.