வரப்புக் கல்மேல் ஒரு கொய்யா

– அந்தப் பானைய அப்புறம் தேய்க்கலாம்க்கா. மரத்த அறுக்க ஆள் வருதாமே, நெசமா?

– மத்தியானத்துக்கு மேல வராங்க. உள்ள வா, வாசல்ல நின்னு பேசாத.

– அண்ணன் தம்பி நெலத்தப் பிரிச்சதுக்கப்புறம் இன்னிக்குத்தான் இந்த அடுப்படியில கால் வெக்கிறேன். சண்டைக்கு வரல.

– சண்டை போட இங்க யாருக்குத் தெம்பு இருக்கு. உக்காரு.

– எந்த மரம்க்கா?

– வரப்போரம் நிக்கிற கொய்யா. முருங்கையும் சேத்துத்தான்.

– ரெண்டுமா? பிரிக்கிறப்ப மரம் பூரா உங்க பக்கம் வந்துடுச்சு. எங்க பக்கம் வெறும் பருத்தி. பருத்திய வேக வெச்சுப் புள்ளைக்கு ஊட்ட முடியுமா, சொல்லுங்க?

– முடியாதுதான்.

– பல்லு தேய்க்கிறப்பல்லாம் என் மகளுக்கு ஈறுல ரத்தம் வரும்ல? நர்ஸம்மா கொய்யாப்பழம் குடு, முருங்கைக்கீரை குடுன்னாங்க. எங்க பக்கம் சாஞ்ச கிளையிலதான் கீரை ஒடிக்கிறேன். இப்ப ரத்தம் நின்னுபோச்சு. மூஞ்சியிலயும் கொஞ்சம் களை வந்திருக்கு.

– பாத்தேன். நல்லா ஓடுறா.

– பழம் வெச்சது நீங்கதானே?

– நானா?

– தெனம் வரப்புக் கல்லு மேல ஒரு பழம் இருக்கும். தானா விழுந்ததுன்னா நசுங்கியிருக்கும். இது காம்போட, தொடச்சு வெச்சது. எனக்குத் தெரியாதாக்கா? வெக்கம் புடுங்கித் தின்னுச்சு. ஆனா கேட்டா நின்னுடுமோன்னு வாயே தொறக்கல.

– நான் வெக்கலம்மா. எங்க பாப்பா காய்ச்சல்ல போனதுலருந்து நான் அந்தப் பக்கமே போறதில்ல. சோறு வடிக்கிறேன், பானை தேய்க்கிறேன். அழுகைகூட வரமாட்டேங்குது.

– அப்ப மாமாவா? எங்கள ஏறெடுத்தும் பாக்கமாட்டாரே.

– அவருதான். விடியறதுக்குள்ள போய்ப் பறிச்சு, துண்டுல தொடச்சு வெச்சுட்டு வருவாரு.

– அவர்கிட்டயே கேக்குறேன்க்கா. கால்ல வேணா விழுறேன். என் மக மேல இவ்வளவு பாசம் வெச்சிருக்கவரு, மரத்த எதுக்கு அறுக்கணும்?

– உன் மகளுக்குன்னு வெக்கலம்மா.

– பின்ன?

– எங்க பாப்பா அந்தக் கல்லுலதான் உக்காந்து பழம் தின்னும். இவரு வெச்சுட்டு, சாயங்காலம் போய்ப் பாப்பாரு. பழம் இருக்காது. வீட்டுக்கு வந்து, இன்னிக்கும் வந்து சாப்ட்டுட்டு போயிருக்காடின்னு சொல்லுவாரு. அதச் சொன்னப்புறந்தான் ரெண்டு வாய் சோறு எறங்கும். உன் மக எடுக்குறத நான் சன்னல்ல பாத்திருக்கேன். சொல்லல. ம்ம்னு கேட்டுக்கிட்டேன்.

– அக்கா...

– நேத்து அவரே பாத்துட்டாரு. அதுக்கப்புறந்தான் அந்த வரப்புல ஒரு மரமும் நிக்கக் கூடாதுன்னு ஆளுக்குச் சொல்லிவிட்டாரு. அவ கல்லு மேல உக்காந்து கடிச்சுக்கிட்டிருந்தாளாம். ஒரு வார்த்தை திட்டல. வீட்டுக்கு வந்து, அப்ப நம்ம பாப்பா ஒரு நாளும் வரலையாடின்னு என்னையக் கேட்டாரு.