விட்டுப்போன ஆக்கள்

லாம்பைத் தணிக்காதே கா. கிட்ட வாங்க, இன்னும் கிட்ட. விதுர்ஷா, சிரிக்காதே. முதல்ல கத்தப்போறது நீதான். இது நான் கண்டதில்லை. என்னோடு படித்த கிம்மின் எவ்லின் அன்ரிக்கு நடந்தது. தாயின் தங்கச்சி. மட்டக்களப்பில் டச்பார், நாவலடிப் பக்கத்துப் பறங்கி ஆக்கள், வெள்ளைக்காரர் வழி வந்தவர்கள். கிம் பொய் சொல்லமாட்டாள்.

பின்னேரம் ஆறே முக்கால். நாவலடி ரோடு. ஒரு பக்கம் கடல், மற்றப் பக்கம் வாவி... நடுவில் ஒரு பஸ். சண்டை முடிந்து அடுத்த வருஷம். சுனாமி அடித்து ஆறாவது வருஷம். ரோட்டில் விளக்கு இல்லை. வீடும் இல்லை. அத்திவாரம்தான்.

அன்ரிக்கு மட்டக்களப்பைச் சுற்றிக் காட்டுகிற வேலை. பாதை திறந்ததும் கொழும்பிலிருந்து பஸ் பஸ்ஸாக ஆக்கள் வந்தார்கள். அன்ரியின் கையில் ஒலிபெருக்கி. ஒல்லாந்தர் கோட்டை, வாசல் பீரங்கி, கல்லடிப் பாலம், வாவியில் மீன் பாடுகிற கதை. அவ்வளவுதான் சொல்லலாம். முதலாளி போனில் சொல்லியிருந்தார்: "சுனாமி, சண்டை, காணாமப் போன ஆக்கள்... ஒண்டும் வாயில வரப்படாது. சந்தோஷமா வந்த சனம் சந்தோஷமாப் போகோணும். இன்னொரு முறைப்பாடு வந்தா வேலை இல்லை."

அன்றைக்குப் பதினாலு பேர். கோட்டை மதிலில் நிற்கும்போது ஒரு மனிசி கேட்டா: "உங்கட வீடு எங்க மிஸ்?"

அன்ரி கடல் பக்கம் கையைக் காட்டினா. மறுகா, என்ன நினைத்தாவோ, கீழே இறங்கி மஜீத் நானாவிடம் போனா. அப்துல் மஜீத். பஸ் அவருடைய சொந்தம், ஓட்டுவதும் அவர்தான்.

"நானா, நாவலடிக்கு விடுங்க."

"லிஸ்டில இல்லியே புள்ள."

"வீடு கேட்டாங்க. காட்டுவம்."

வீடு என்று இரண்டு படியும் சிவப்புச் சீமெந்துத் தரையும் கிடந்தது. அன்ரி அதில் ஏறி நின்று எல்லாம் சொன்னா. சுனாமியில் போன அம்மாவின் உடம்பு கிடைத்தது. தம்பி ஷோன் கிடைக்கவில்லை. ஷோன் கல்முனை பஸ்ஸில் கொண்டக்டர். பஸ்ஸை எடுக்கச் சொல்லி மற்றவர்கள் தகரத்தில் இரண்டு தரம் தட்டுவார்கள். அவன் மூன்று. டப், டப்... டப். சுனாமியில் தப்பிய பக்கத்து வீட்டுப் பெடியனைப் பற்றியும் சொன்னா. சண்டைக் கடைசியில், சந்திக்குப் போயிட்டு வாறன் என்று போனவன். வரவேயில்லை.

இருட்டிக்கொண்டு வந்தது.

இப்ப கவனியுங்க. சுனாமிக்குப் பிறகு அந்தப் பக்கத்தில் ஒரு பழக்கம். இருட்டுப்பட்டால் யாரையும் சும்மா 'வா' என்று கூப்பிடமாட்டார்கள். பேர் சொல்லித்தான். பேர் சொன்னால் அந்த ஆள் மட்டும் வரும்...

அன்ரிக்கு அது தெரியும். ஆனால் தொழில் பழகின வாய். பஸ்ஸடியில் நின்று ஒலிபெருக்கியை உயர்த்தி, எந்த இடத்திலும் சொல்வதைச் சொல்லிவிட்டா: "நேரமாச்சு. விட்டுப்போன ஆக்கள் எல்லாரும் வாங்க. ஒருத்தரையும் விட்டுட்டுப் போகமாட்டம்."

மஜீத் நானா ஸ்டியரிங்கில் இருந்து கையை எடுத்துவிட்டார். "அல்லாஹ்... என்ன புள்ள சொன்னீங்க?"

அன்ரிக்குப் பின்னால் பதினாலு பேரும் ஏறினார்கள். படி பதினாலு தரம் கிறீச்சிட்டது. நின்றது.

மறுகா... கிறீச்.

கிறீச். அவசரமில்லாமல், ஒவ்வொன்றாக. படியில் ஒருத்தரும் இல்லை. பஸ்ஸின் பின்பக்கம் பதிந்து பதிந்து இறங்கியது. வாவிச் சேற்று மணம். நனைந்த தலைமயிர் மணம். பின் சீட்டில் இருந்தவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லாமலே எழும்பி முன்னுக்கு வந்தார்கள். எஞ்சின் உறுமியது. சில்லு மணலில் சுற்றியது. பஸ் அசையவில்லை.

தொப்பி போட்ட ஒருவர் கத்தினார்: "யாரா இருந்தாலும் இறக்குங்க! இப்பவே உங்கட முதலாளிக்கு அடிக்கிறன்." போனை எடுத்தே விட்டார்.

அன்ரி நடுவில் நின்றா. ஒலிபெருக்கியை வாயில் வைத்து, பின் சீட்டுகளைப் பார்த்துச் சொன்னா: "ஒருத்தரும் இறங்கவேணாம். கூப்பிட்டது நான்."

பிறகு தொப்பிக்காரரிடம் திரும்பினா. "அடிங்க ஐயா. நம்பர் தரட்டா? இவங்கள இல்லாத ஆக்களாக்கிப்போட்டு இத்தின நாளும் மீன் பாடுற கதை சொன்னன். இனி ஏலா."

தொப்பிக்காரர் போனைக் காதில் வைத்தார். வெளியே கடல் இரைந்தது.

பின் தகரத்தில்... டப், டப்... டப்.

பஸ் மணலை விட்டு எழும்பியது.

கல்லடிப் பாலத்தடியில் மறித்தார்கள். ஆமிக்காரப் பெடியன் ஒருவன் டோர்ச்சோடு ஏறினான். முன்னால் நெருக்கியடித்து நின்ற பதினாலு பேரையும் பார்த்தான். பின்பக்கம் வெளிச்சம் அடித்தான், வரிசை வரிசையாக. இறங்கும்போது மஜீத் நானாவிடம் அரைகுறைத் தமிழில் சொன்னான்: "சீட் இல்லாட்டி, சின்னப் பிள்ளை எல்லாம் மடியில வைக்கிறது."

அந்தப் பதினாலு பேரில் சின்னப் பிள்ளை ஒன்றும் இல்லை.

அடுத்த நாள் வேலை போனது. அன்ரி அழவில்லை. மஜீத் நானாவின் பஸ்ஸிலேயே தானாகத் தொடங்கினா. கோட்டையில் தொடங்கும், நாவலடிக்குப் போய்த் திரும்பும். எல்லாம் சொல்லுறா. இருட்டுப்பட்டதும், வேணுமென்றே, அதே சொல்லால் கூப்பிடுறா. இருபத்தொன்பது சீட். பதினாலு பேருக்கு மேல் ஏற்றமாட்டா. ஏன் என்று கேட்டால், "மிச்சத்துக்கு ஆள் இரிக்கு."

போன மாதம் கிம்மும் போனாள். திரும்பும்போது மூன்று தட்டுக் கேட்டதாம். கொஞ்ச நேரத்தில் மடி கனத்ததாம்... குளிர்ந்ததாம். பக்கத்தில் இருந்த மனிசி எழும்பி முன்னுக்குப் போய்விட்டா. கிம் எழும்பவில்லை. கோட்டை வரைக்கும் காலை ஆட்டாமல் இருந்தாள்.

இறங்கிப் பார்த்தால் பாவாடையின் மடியில் மட்டும் ஈரம். பின் கழுத்தில், கட்டிப்பிடித்த இடத்தில், சின்னச் சின்ன விரலாக வாவிச் சேறு.

இரண்டு நாளாக அதை அவள் கழுவவில்லை.