ஒன்பது நாள் நின்ற கப்பல்

சனிக்கிழமைகளில், அமெரிக்காவில் நாங்கள் குடியிருந்த ஐசலினுக்குப் பக்கத்தில் ஒரு பழைய வீட்டைச் சுற்றிக் காட்டுகிறேன். சம்பளம் கிடையாது. என் மனைவி வெண்பா செய்துவந்த வேலை. அவள் போன பிறகு நான் எடுத்துக்கொண்டேன்.

அது நத்தானியேல் என்ற ஆங்கிலேயர் கட்டிய வீடு. 1667-இல் மனைவி ஆலிஸோடும் மூன்று பிள்ளைகளோடும் வந்து இறங்கினார். குடியேறியவர்களுக்குத் தலைக்கு இவ்வளவு என்று நிலம் தந்தார்கள். முதல் குளிர்காலத்தில் இரண்டு பிள்ளைகள் இறந்தன. வசந்தத்தில் ஒரு கப்பல் வந்தது. ஆலிஸ் ஊருக்குத் திரும்ப வேண்டும் என்றாள். கப்பல் போய்விட்டது என்றார் அவர்.

அவருடைய நாட்குறிப்பைப் படித்துக்கொண்டிருந்த வெண்பா ஒருநாள் சிரித்தாள்.

"கப்பல் இன்னும் ஒம்பது நாள் அங்கயே நின்னிருக்குங்க. இவனே எழுதி வெச்சிருக்கான். சரியான ஃப்ராடு."

"அவ போயிட்டா அவ பங்கு நிலம் போயிடும்ல? அவன் என்ன பண்ணுவான்?"

"அதான பார்த்தேன். முந்நூத்தம்பது வருஷம் கழிச்சும் அவனுக்கு ஒரு லாயர்."

அடுத்த ஆண்டு அவளுக்குப் புற்றுநோய். ஆறேழு மாதம் என்றார் டாக்டர். தாராபுரத்தில் அம்மாவின் பக்கத்தில் இருந்து சாக வேண்டும் என்றாள். நியாயமான ஆசை. ஆனால் கிரீன் கார்டு விண்ணப்பம் அவளுடைய வேலையின் பேரில் இருந்தது. நான் அவளைச் சார்ந்தவன். அவள் வேலையை விட்டுக் கிளம்பினால் எனக்கும் கார்டு இல்லை. பத்து வருடம் காத்திருந்தோம். இன்னும் சில மாதங்கள்தான் தேவைப்பட்டன.

அவளுடைய பாஸ்போர்ட் ரினியூவலுக்குப் போயிருக்கிறது என்று சொன்னேன். வீட்டில் வைத்தால் கண்ணில் படும் என்று காரின் டேஷ்போர்டுக்குள் வைத்தேன். அந்தக் காரில்தான் அவளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன்.

"வந்துச்சாங்க?" என்று தினமும் கேட்பாள்.

"டிலே ஆகுதும்மா" என்பேன்.

மார்ச்சில் கார்டுகள் வந்தன. அதற்குள் அவளை விமானத்தில் ஏற்ற முடியாத நிலை. ஏப்ரலில் இறந்தாள். அவள் அம்மா வீடியோ காலில் முகம் பார்த்தார்.

கப்பல் கதை வரும் இடத்தில் நான் தரையைப் பார்த்துத்தான் பேசுவேன். ஆலிஸுக்கு அது கடைசிவரை தெரியாதா என்று யாராவது கேட்பார்கள். தெரியாமலே போய்ச் சேர்ந்தாள் என்று சொல்கிறேன். கேட்டவர்களுக்கு ஓர் ஆறுதல். எனக்கும்.

டேஷ்போர்டுக்குள் டிஷ்யூவும் இருந்தது. வாந்தி வரும்போது அவளே திறந்து எடுத்துக்கொள்வாள். பிப்ரவரியிலிருந்து "வந்துச்சாங்க" என்று அவள் கேட்கவில்லை. வலி அதிகமாகிவிட்டதால்தான் என்று இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறேன்.